தொட்டித் தேயிலை: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் வரும் குறைகளும் சரிசெய்யும் வழியும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி போய்வருபவர்கள் திரும்பும்போது ஒரு தேயிலை நாற்றை வாங்கிக் காரில் வைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஒரு மாதம் செடி நன்றாக இருக்கும். அப்புறம் துளிர் வெளிறும், இலை ஓரம் கருகும், கோடை வந்ததும் குச்சிதான் மிஞ்சும். நம்ம ஊர் வெயில் ஒத்துக்கவில்லை என்று சொல்லிவிட்டு அதே தொட்டியில் ரோஜா வைத்துவிடுவார்கள்.

வெயிலும் ஒரு காரணம்தான். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது; தருமபுரி நகரம் 500 மீட்டருக்குக் கீழே. ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் மழையாவது எதிர்பார்க்கும் செடி இது. இங்கே பெய்வது 900 மில்லிமீட்டரை ஒட்டித்தான். ஆனால் நல்ல நிழலில் வைத்து, வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றியும் போன செடிகளைப் பிடுங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் தெரிகிறது: போர் தண்ணீர். தேயிலைக்கு மண்ணின் பி.எச். (புளிப்பு, காரம் காட்டும் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு) 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். நம் போர் தண்ணீர் கடினத் தண்ணீர், காரத் தண்ணீர். தினமும் ஊற்ற ஊற்ற, நர்சரியிலிருந்து வந்த புளிப்பு மண் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு மண்ணாக மாறிவிடுகிறது. அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். உரக்கடைக்குப் போவது கடைசி.

முதலில் தண்ணீரையும் மண்ணையும் பாருங்கள்

மூன்று பொருள் கையில் இருந்தால் போதும். ஒன்று, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்க ஆர்.ஓ. மெக்கானிக்குகள் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர். இரண்டாவது, பி.எச். பார்க்கும் தாள், மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்து செட்டும் இதற்கு ஆகும். மூன்றாவது, வினிகர்.

ஊற்றும் தண்ணீரில் மீட்டரை வைத்துப் பாருங்கள். என் கணக்கு இதுதான்: 200க்குள் இருந்தால் பயமில்லை. 200 முதல் 500 வரை என்றால் கொஞ்சம் புளிப்பேற்றி ஊற்றலாம். 500ஐத் தாண்டினால் தேயிலைக்கு அந்தத் தண்ணீரே வேண்டாம். மீட்டர் இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். சோப்பு நுரைக்கவில்லை, வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது என்றால் அது தேயிலைக்கு ஆகாத தண்ணீர்.

அடுத்தது மண். தொட்டியிலிருந்து இரண்டு விரல் ஆழத்தில் ஒரு ஸ்பூன் மண் எடுத்துக் காயவைத்து, அதன் மேல் வினிகரைச் சொட்டுங்கள். சுர்ரென்று நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. நம் பக்கம் பல தோட்டங்களில் மேலே செம்மண், கீழே சுண்ணாம்பு கலந்த சுக்கான் மண். லாரியில் வந்து இறங்கும் மண்ணில் இரண்டும் கலந்தே வரும். நிறத்தைப் பார்த்துச் செம்மண் என்று நம்ப வேண்டாம், சொட்டிப் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி 1: துளிர் மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது

இங்கே அதிகமாக வரும் குறை இதுதான். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இலைப் பரப்பு எலுமிச்சை மஞ்சளாகவும், அதில் நரம்புகள் மட்டும் பச்சை வலையாகவும் தெரியும். முற்றினால் துளிர் கிட்டத்தட்ட வெள்ளையாகவே வரும்.

முதலில் எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள்.

*மேலே இருக்கும் புதிய இலைதான் மஞ்சள், கீழ் இலை பச்சையாக இருக்கிறது* என்றால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, நம் செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். மண் காரமாகிவிட்டதால் வேரால் அதை எடுக்க முடியவில்லை. "அண்ணா, இரும்பு டானிக் வாங்கி ஊத்தினேன், ஒரு வாரம் பச்சையாச்சு, மறுபடியும் மஞ்சள்" என்று சொல்பவர்கள் நிறைய. தண்ணீரை மாற்றாமல் டானிக் ஊற்றினால் அப்படித்தான் ஆகும்.

*கீழே இருக்கும் முதிர்ந்த இலை நரம்புகளுக்கு இடையில் மஞ்சளாகிறது* என்றால் மக்னீசியக் குறை. லிட்டருக்கு 10 கிராம் மக்னீசியம் சல்பேட் கரைத்து, மாலையில் இலையில் தெளித்தால் தேறும்.

*கீழ் இலையில் தொடங்கி மொத்தச் செடியும் ஒரே மாதிரி வெளிறுகிறது*, நரம்பும் சேர்ந்து மஞ்சளாகிறது என்றால் தழைச்சத்துக் குறை. 12 அங்குலத் தொட்டிக்கு அரை டீஸ்பூன் அம்மோனியம் சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்து மாதம் ஒருமுறை ஊற்றுங்கள். மண்ணைப் புளிப்பாக்கும் உரம் என்பதால் தேயிலைக்கு இதுதான் பொருத்தம். கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் பக்கமே போக வேண்டாம்.

இனி இரும்புச்சத்துக் குறை. செலவு குறைந்ததிலிருந்து போவோம்.

முதல் வேலை, தப்பான பொருள்களை நிறுத்துவது. முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல், சுண்ணாம்பு, கோழி எரு ஆகியவற்றில் எது போட்டுக்கொண்டிருந்தாலும் இன்றோடு நிறுத்துங்கள். ரோஜாவுக்கு ஆகும் முட்டை ஓடு தேயிலைக்கு ஆகாது. டீ போட்ட சக்கையைப் போடுவதில் தவறில்லை. ஆனால் பாலும் சர்க்கரையும் போகக் கழுவிப் போடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு வரும். சக்கை போட்டால் மண் புளிப்பாகிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், அதற்கு அவ்வளவு சக்தி கிடையாது.

இரண்டாவது தொட்டி. சிமெண்ட் தொட்டியில் வைத்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும். மண் தொட்டிக்கோ வளர்ப்புப் பைக்கோ மாற்றுங்கள். வெள்ளையடித்த கைப்பிடிச் சுவரை ஒட்டித் தொட்டி இருந்தாலும் இதே கதைதான், மழையில் சுண்ணாம்பு வழிந்து தொட்டிக்குள் இறங்கும்.

மூன்றாவது தண்ணீர். மழைத்தண்ணீர்தான் இதற்கு மருந்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடித் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து மூடி வைத்தால், ஓரிரு செடிக்குப் பல வாரங்கள் வரும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் நல்லது, அதில் உப்பே இருக்காது. ஆர்.ஓ. இயந்திரத்தின் நல்ல தண்ணீரும் ஆகும். ஆனால் ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை ஊற்றவே கூடாது. வீணாகிறதே என்று அந்தக் குழாயைச் செடிப் பக்கம் திருப்பிவிடும் வீடுகள் நிறைய இருக்கின்றன. வடிகட்டி ஒதுக்கிய உப்பு முழுவதும் அதில்தான் போகிறது. போர் தண்ணீரை விட அது மோசம்.

மழைத்தண்ணீர் தீர்ந்துவிட்டது, போர் தண்ணீர்தான் வழி என்றால் புளிப்பேற்றி ஊற்றுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் எலுமிச்சை உப்பில் (சிட்ரிக் அமிலம்) தொடங்கி, பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். 5.5க்கும் 6க்கும் நடுவில் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். வீட்டுக்கு வீடு தண்ணீர் மாறுவதால் பக்கத்து வீட்டு அளவு உங்களுக்குப் பொருந்தாது. இதில் ஒன்று கவனிக்க வேண்டும்: புளிப்பு ஏற்றினால் காரம் குறையும், உப்பு குறையாது. 500க்கு மேல் டி.டி.எஸ். உள்ள தண்ணீரை இப்படிச் சரிக்கட்ட முடியாது.

நான்காவது மண். வினிகர் சோதனையில் நுரைக்கவில்லை, ஆனால் பி.எச். 6.5க்கு மேல் இருக்கிறது என்றால், 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு டீஸ்பூன் கந்தகத் தூளை மேல்மண்ணில் கிளறிவிடுங்கள். இது உடனே வேலை செய்யாது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மறுபடி போடலாம். மண் நுரைத்தது என்றால் கந்தகத்தை வீணாக்காதீர்கள். எவ்வளவு போட்டாலும் சுண்ணாம்பு தின்றுவிடும். மண்ணையே மாற்றிவிடுங்கள்: சுண்ணாம்பு இல்லாத செம்மண், இலை மக்கு, நன்றாகக் கழுவிய தென்னை நார்த்தூள் மூன்றும் சம அளவு. நார்த்தூளில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த தண்ணீரில் மீட்டரை வைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகுதான் இரும்பு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதிதான் இரும்பு சல்பேட். உரக்கடையிலும் கிடைக்கும், தெளிக்க அதுவே சுத்தமானது. லிட்டருக்கு 5 கிராம், கூடவே 1 கிராம் எலுமிச்சை உப்பு. கரைசல் வெளிர் பச்சையாக இருக்க வேண்டும், பழுப்பாக மாறிவிட்டால் கொட்டிவிடுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரு பக்கமும் படும்படி பத்து நாளுக்கு ஒருமுறை தெளியுங்கள். மண்ணில் ஊற்ற இரும்புச் செலேட் வாங்குவதாக இருந்தால் பெயரைப் படித்து வாங்குங்கள். இ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் பிடிக்காது; இ.டி.டி.எச்.ஏ. என்று போட்டிருப்பதுதான் வேலை செய்யும், விலையும் கூடுதல். தெளித்த இலையைச் சில வாரங்களுக்கு டீக்குப் பறிக்காதீர்கள்.

பழைய மஞ்சள் இலை முழுதாகப் பச்சையாவது அபூர்வம். அடுத்து வரும் துளிரைப் பாருங்கள். அது பச்சையாக வந்தால் செடி தேறிவிட்டது.

*எப்போது வெளியே காட்டுவது:* தண்ணீரையும் மண்ணையும் மாற்றி இரண்டு துளிர் பருவம் போயும் வெள்ளையாகவே வந்தால் மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். தருமபுரிக்காரர்களுக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கத்தில் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம். எங்கே, எப்போது கொடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டு போங்கள். மண்ணோடு ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துப் போங்கள். மண்ணை மட்டும் பார்த்தால் பாதி விஷயம்தான் தெரியும்.

அறிகுறி 2: இலை ஓரமும் நுனியும் கருகுகிறது

தொட்டியின் அடி ஓட்டையைப் பாருங்கள். மண் தொட்டியாக இருந்தால் வெளிப்பக்கத்தையும் பாருங்கள். வெள்ளையாக உப்பு பூத்து, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்கிறதா? அப்படியானால் வேர்ப்பகுதியில் உப்பு சேர்ந்துவிட்டது. தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு மழைத்தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ மெதுவாக ஊற்றி, அடி வழியாக வடியவிடுங்கள். தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், செடி அதை மறுபடி உறிஞ்சக் கூடாது. பிறகு ஒரு மாதத்துக்கு உரம் வேண்டாம்.

உப்பு பூக்கவில்லையா? உரம் போட்ட ஒரு வாரத்துக்குள் கருகியதா என்று யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால் அளவு கூடிவிட்டது, அதற்கும் இதே வழிதான்.

இரண்டும் இல்லை, தெற்கும் மேற்கும் பார்த்த இலைகள் மட்டும் கருகியிருக்கின்றன, நடுவிலும் காகிதம் போலப் பழுப்புத் திட்டு இருக்கிறது என்றால் அது வெயில். மலைத் தோட்டங்களிலேயே சில்வர் ஓக் மரங்களை நிழலுக்கு வளர்க்கிறார்கள்; நம் சித்திரை வெயிலில் திறந்த மாடியில் வைத்தால் தாங்குமா? காலை பத்து மணிவரை வெயில் போதும். அப்புறம் 50 சதவீத நிழல் வலை. தரையில் வைத்திருந்தால் பக்கத்தில் ஓர் அகத்தியோ முருங்கையோ நடலாம். மாமரத்தடி ஆகாது, நிழல் அடர்த்தி அதிகம், துளிரும் குறைந்துவிடும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காபியும் மிளகும் விளையும் வத்தல்மலையில் இன்னும் எளிது. தருமபுரி, அரூர், ஊத்தங்கரை, காரிமங்கலம் என்றால் மாசி பிறக்கும்போதே நிழல் வலையைக் கட்டிவிடுங்கள்.

நாற்று வாங்கும்போதே இதை யோசிக்கலாம். தேயிலையில் இரண்டு இனம்: சிறிய, குறுகிய இலை உள்ள சீன இனம், பெரிய, அகன்ற இலை உள்ள அசாம் இனம். சீன இனம் குளிரையும் ஓரளவு வறட்சியையும் தாங்கும், அசாம் இனம் தாழ்வான, ஈரமான, சூடான இடத்துக்குப் பழகியது. நம் ஊரில் சூடு உண்டு, ஈரம் இல்லை. அதனால் இனத்தைவிட வறட்சி தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குவதே மேல். வால்பாறையில் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கும் யூபாசி (தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம்) வெளியிட்ட ரகங்களில் யூபாசி-9 அப்படிப்பட்டது. நர்சரிக்காரரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அறிகுறி 3: தண்ணீர் இருந்தும் செடி வாடித் தொங்குகிறது

விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர்ப் பற்றாக்குறை, அதில் குழப்பமில்லை. ஈரமாக இருந்தும் வாடினால்தான் ஆபத்து. அப்போது இன்னும் தண்ணீர் ஊற்றுவது செடியைக் கொல்லும்.

வாங்கி வந்து ஒரு மாதத்துக்குள் வாடுகிறது என்றால் பயண அதிர்ச்சி. மூடிய காருக்குள் பல மணி நேரம் வெந்து வந்த நாற்றை, வந்த அன்றே பை கிழித்து வெயிலில் நட்டால் தாங்காது. வந்ததும் பையோடு நிழலில் வையுங்கள். ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரைக் கூடாரம் போலக் கவிழ்த்து, தினமும் கொஞ்ச நேரம் திறந்து, இரண்டு வாரத்தில் பழக்குங்கள். நடவை ஆடிக்குப் பிறகு, மழை பிடிக்கும் நேரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். நடும்போது வேர் பையின் அடியில் சுருண்டு கிடந்தால் அந்தச் சுருளை மட்டும் நறுக்கிவிட்டு நடுங்கள், மண் கட்டியை உடைக்க வேண்டாம்.

பல மாதம் நன்றாக இருந்து திடீரென்று வாடினால் செடியைத் தொட்டியோடு சாய்த்து மெதுவாக உருவிப் பாருங்கள்.

வேர் வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் நல்லது. கறுத்து, இழுத்தால் தோல் மட்டும் கையோடு வந்து, சாக்கடை நாற்றம் அடித்தால் வேர் அழுகல். தேயிலை எவ்வளவு மழையையும் ஏற்கும், தேங்கும் தண்ணீரை ஏற்காது. மலைச்சரிவில் அதை நடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அழுகிய வேரை வெட்டி, மேலே இருக்கும் கிளையையும் அதே அளவுக்குக் குறைத்து, டிரைக்கோடெர்மா விரிடி (வேர் அழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சை) கலந்த புது மண்ணில் நடுங்கள். அடி ஓட்டை அடைக்காமல் இருக்க ஓட்டுச் சில்லு வையுங்கள். கருங்கல் ஜல்லி பரவாயில்லை, சுண்ணாம்புக் கல் வேண்டாம்.

மண்ணில் ஆங்கில 'சி' எழுத்து வடிவில் சுருண்ட வெள்ளைப் புழு இருந்தால் வேர்ப்புழு. மக்காத சாணத்தோடு வந்திருக்கும். பொறுக்கி எடுத்துவிட்டு மண்ணை மாற்றுங்கள்.

வேரில் சிறு சிறு முடிச்சு இருந்தால் அது நூற்புழு. இதை வீட்டில் சரிசெய்ய முயல வேண்டாம். செடியை ஒரு பையில் போட்டு வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். அந்த மண்ணைத் தோட்டத்தில் கொட்டிவிடாதீர்கள், தக்காளிக்கும் கத்தரிக்கும் பரவும்.

அறிகுறி 4: இலை செம்பு நிறமாகிறது, அல்லது கரும்புள்ளி விழுகிறது

முதிர்ந்த இலையின் மேல்பக்கம் பளபளப்புப் போய்ச் செம்பு நிறமானால் செஞ்சிலந்தி. வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூளில் சிவப்புப் புள்ளிகள் நகர்ந்தால் அதுதான், விரலால் தேய்த்தால் தாளில் சிவப்புக் கோடு விழும். வறட்சியும் தூசும் சேர்ந்த இடத்தில் இது பெருகும். நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளிலும், கல் அறுக்கும் இடங்களுக்குப் பக்கத்திலும் இதை அடிக்கடி பார்க்கலாம்.

மருந்துக்கு முன் தண்ணீர். குழாயை அழுத்திப் பிடித்து இலையின் மேலும் கீழும் பீய்ச்சிக் கழுவுங்கள்; மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம். பாதிக்கு மேல் இதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம். வெயில் கடுமையாக உள்ள நாளில் கந்தகம் தெளித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் தெளிக்காதீர்கள்.

கொழுந்து இலையில் ஊசி குத்திய மாதிரிப் புள்ளிகள், அவை ஓரிரு நாளில் கறுத்து இலை சுருண்டால் தேயிலைக் கொசு. பெயர்தான் கொசு, அது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. இதே குடும்பத்துப் பூச்சிகள் கொய்யா, முந்திரி, வேம்பு ஆகியவற்றிலும் இருக்கும். எனவே பக்கத்துக் கொய்யாவையும் பாருங்கள். அதிகாலையில் செடியை உலுக்கினால் பறக்க முடியாமல் விழும், பிடித்து நசுக்கலாம். அடிபட்ட கொழுந்தைக் கிள்ளி எரித்துவிடுங்கள். ஒன்றிரண்டு தொட்டிக்கு இதுவே போதும்.

கொழுந்து சுருண்டு, அடியில் கறுப்பு அசுவினி கூட்டமாக இருந்தால் தண்ணீர் பீய்ச்சினாலே போய்விடும். மலைத் தோட்டங்களைப் பாடாய்ப் படுத்தும் கொப்புள நோய்க்குக் குளிரும் விடாத ஈரமும் வேண்டும், தருமபுரியில் அந்தப் பயம் வேண்டாம். யாராவது அதற்கென்று மருந்து எழுதிக் கொடுத்தால் இலையை இன்னொருவரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். குடிக்கப் போகும் இலையில் ரசாயனப் பூச்சிமருந்து அடிக்கும் முடிவை வேளாண் அலுவலரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம். எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி 5: செடி ஆரோக்கியமாக இருக்கிறது, ஆனால் கொழுந்தே வரவில்லை

ஒற்றைக் குச்சியாக உயரமாகப் போகிறதா? நுனியைக் கிள்ளுங்கள். தேயிலை இயல்பில் மரம், விட்டால் பத்து மீட்டருக்கு மேலும் போகும். வெட்டி வெட்டித்தான் அதைப் புதராக வைத்திருக்கிறார்கள். முழங்கால் உயரத்தில் நறுக்கினால் பக்கக் கிளை வரும். கிளைகளை இடுப்பளவில் சமமாக வெட்டி வந்தால் மேலே தட்டையாகக் கொழுந்து கிடைக்கும். வெட்டுவது மழைக்காலத்தில்தான், கோடையில் கத்தியைத் தொடாதீர்கள்.

பூவாகப் பூக்கிறதா? வெள்ளை இதழும் நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்தும் பார்க்க அழகுதான், ஆனால் நிறையப் பூத்தால் செடி நெருக்கடியில் இருக்கிறது என்று அர்த்தம். பூமொட்டைக் கிள்ளிவிட்டு முதல் அறிகுறிக்குப் போய்த் தண்ணீரைப் பாருங்கள். விதை காய்த்தால் உதிர்ந்ததும் ஊன்றுங்கள், காயவைத்து எடுத்துவைத்தால் முளைக்காது.

பங்குனி, சித்திரையில் கொழுந்து நின்றால் ஒன்றும் செய்யாதீர்கள். செடி ஓய்வில் இருக்கிறது, மழை விழுந்ததும் வரும்.

அறிகுறி 6: பறித்த இலையில் டீ போட்டால் நிறமும் இல்லை, பச்சை வாடை அடிக்கிறது

எந்த இலையைப் பறித்தீர்கள்? ஒரு மொட்டும் அதற்குக் கீழே இரண்டு இளம் இலையும்தான் டீக்கு. முற்றிய இலையில் நிறமும் மணமும் வராது.

சரியான கொழுந்தைத்தான் பறித்தோம் என்றால் அடுத்தது வாட்டும் முறை. நம் ஊர் வறண்ட காற்றில் வெளியே பரப்பினால் சில மணி நேரத்தில் இலை அப்பளமாக நொறுங்கிவிடும். ஈரம் போய்விட்ட இலை அதற்குப் பிறகு சிவக்காது. அறைக்குள், மின்விசிறி இல்லாமல், துணியில் பரப்பி ஓர் இரவு விடுங்கள். மடக்கினால் ஒடியாமல் துவள வேண்டும். அதை உள்ளங்கையில் வைத்து, சாறு கசிந்து பிசுபிசுக்கும்வரை அழுத்தி உருட்டுங்கள். உருட்டியது போதவில்லை என்றால் நிறம் வராது, பெரும்பாலோர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். பிறகு ஈரத்துணி போட்டு மூடி, இரண்டு மணி நேரம் போல வையுங்கள். செம்பு நிறமும் பழ வாசனையும் வந்ததும் மிதமான சூட்டில் வாணலியில் புரட்டி, நொறுங்கும்வரை காயவையுங்கள்.

இவ்வளவு செய்தாலும் கடை டஸ்ட் டீ போலக் கறுப்பு டிகாஷன் இறங்காது. அது இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, சுருட்டிய தூள்; சாயம் சீக்கிரம் இறங்குவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். கையால் உருட்டியதைப் பால் இல்லாமல் குடித்துப் பாருங்கள், மணம் தெரியும். சிரமமே வேண்டாம் என்றால் பறித்ததும் இட்லிப் பானையில் இரண்டு நிமிடம் ஆவி காட்டி உருட்டிக் காயவையுங்கள், அது பச்சைத் தேநீர். நாலரைக் கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள்தான் தேறும். ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி கிடைத்தால் நல்ல விளைச்சல்.

இலை நன்றாக இருந்தும் டீ மங்கலாக, மேலே எண்ணெய் போலப் பழுப்பு ஏடு மிதந்தால் அது டீத்தூளின் குற்றமல்ல. கடினத் தண்ணீரின் சுண்ணாம்பு டீயோடு சேர்ந்து அப்படி ஏடு கட்டும். கடையில் வாங்கிய தூளுக்கும் இதே கதைதான். தண்ணீரை மாற்றி ஒரு டம்ளர் போட்டுப் பாருங்கள்.

ஃபுளோரைடு விஷயத்தில் மட்டும் நம் மாவட்டக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நம் நிலத்தடித் தண்ணீரில் அது அதிகமுள்ள இடங்கள் பல. பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்தவர்கள் நம் கிராமங்களில் எத்தனையோ பேர். 2013இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான் கொண்டுவரப்பட்டது. தேயிலைச் செடியோ மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்த்து வைக்கும் செடி. கொழுந்தைவிட முற்றிய இலையில் பல மடங்கு சேரும். அதனால் போர் தண்ணீரில் வளர்ந்த செடியின் முற்றிய இலையைப் பறித்துத் தினமும் காய்ச்சிக் குடிக்காதீர்கள், குழந்தைகளுக்கு அறவே வேண்டாம். எலுமிச்சை உப்பு போட்டாலும் கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் சுண்டி, அதன் செறிவு கூடத்தான் செய்யும். உங்கள் போர் தண்ணீரை ஒருமுறையாவது ஆய்வகத்தில் கொடுத்து ஃபுளோரைடு அளவைப் பார்த்துவிடுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில்கூட 1.5ஐத் தாண்டக் கூடாது என்பது இந்திய தர நிர்ணயம். அதற்கு மேல் இருந்தால் செடிக்கு மழைத்தண்ணீர், டீக்குக் காவிரித் தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர்.